கடல் பக்கத்து யன்னல்

நானா,

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உங்கள் இளைய மகள் கொட்டாஞ்சேனைக்கு என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு பொதி. பழைய சாரத் துண்டில் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தாள். கொம்பனித்தெருவில் நீங்கள் இருந்த வீட்டு வரிசையை உடைக்கப் போகிறார்களாம். சாமான்களை ஒதுக்கும்போது அலுமாரிக்கு மேலே ஒரு தகரப் பெட்டிக்குள் இது கிடந்ததாம்.

"என்ன சாமான் எண்டு தெரியல்ல மாஸ்டர் மாமா. உம்மா ஈக்கும்வரைக்கும் இத யாரையும் தொட விடல்ல. வாப்பாட சாமான் உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

கயிற்றை அவிழ்க்கும் முன்பே, தூக்கிய கை அறிந்துகொண்டது. மேலே சின்னக் கிண்ணம், கீழே வளைந்த பிடி, விரலுக்கு ஒரு விசை. நாம் இருவரும் போய்ப் பார்த்து வாங்கிய ஸ்ப்ரே கன். துப்பாக்கி போல இருப்பதால் நீங்கள் "துவக்கு" என்று பெயர் வைத்தது. கிண்ணத்தின் அடியில் இளஞ்சிவப்பாய் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் பொதியை அவள் மடியிலிருந்து எடுத்து, தள்ளி, யன்னல் கட்டையில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அவள் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

அவளுடைய உம்மா மௌத்தாவதற்கு முன் ஒரு கதை சொன்னாராம். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்குத்தர், இது ஈயத்தால் வந்த வருத்தம், பூச்சு அடிக்கும்போது பறந்த ஈயத் தூளை மூச்சில் இழுத்ததால் வந்தது என்று உங்களிடமே சொன்னாராம். நீங்கள் வீட்டுக்கு வந்து உம்மாவைக் கூப்பிட்டு, "இது மாஸ்டருக்குத் தெரிய வேணாம். அந்த மனிசன் தாங்க மாட்டார்" என்று சொன்னீர்களாம்.

உங்கள் மகள் இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். வாப்பா தன் நோயைச் சொல்லிக்கூட ஒருவரின் மனதை வருத்தாதவர் என்பதற்கு அவளுக்கு இது ஓர் உதாரணம். பிறகு, தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டாள்: "ஆனா ஏன் மாமா? வாப்பாட வருத்தம் உங்களுக்குத் தெரிஞ்சா என்ன? நீங்க ஏன் தாங்க மாட்டீங்க?"

நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டாலும் தடுமாறாதவன் நான். அவளுக்கு, அடுத்த ஞாயிறு வா மகள், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. யோசிக்க என்ன இருக்கிறது? பதில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருந்தது என்பதுதான், இத்தனை வருடத்துக்குப் பிறகு, போன ஞாயிறு எனக்குத் தெரிய வந்தது. அவளுக்குச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறேன். வகுப்புக்குப் போகும் முன் பாடத்தை வாசித்துப் பார்ப்பது என் பழைய பழக்கம்.

நாம் பழகத் தொடங்கியதே ஒரு கிண்ணத்தால்தான். நான் இரசாயனம் படிப்பித்த பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் கரைசல்களைக் காய்ச்சப் பீங்கான் கிண்ணங்கள் வேண்டும் என்று புறக்கோட்டையில் உங்கள் பீங்கான் கடைக்கு வந்தேன். ஒன்றை எடுத்து விரல் கணுவால் தட்டி, அந்தச் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்டீர்கள். "இது நல்லம் மாஸ்டர், இத எடுங்க, மத்தது ஊமை" என்றீர்கள். அன்று முதல் நீங்கள் எனக்கு நானா, மூத்த அண்ணன்; சம்பளம் வாங்கும் கிழமைகளில் எதுவும் வாங்காமலே உங்கள் கடையில் வந்து இருப்பது எனக்கு வழக்கமாயிற்று.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. சீமைக் கப்பல்கள் படையையும் குண்டையும் ஏற்றின, கோப்பைகளை ஏற்றவில்லை. உங்கள் தட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தேத்தண்ணிக் கடைகளில் சிரட்டையிலும் வெட்டிய போத்தலின் அடியிலும் தேநீர் கொடுத்தார்கள். ஒருநாள் வெற்றுக் கடைக்குள் இருந்துகொண்டு, "கப்பல் வராட்டி மண்ணும் வராதா? மண் இங்கதானே ஈக்கிது" என்றீர்கள். நான்தான் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். பொரலஸ்கமுவவில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது, மணல் இருக்கிறது, விறகு இருக்கிறது, கண்ணாடிப் பூச்சுக்கு வேண்டிய கணக்கை நான் போட்டுத் தருகிறேன் என்றேன். படிப்பித்ததைச் செய்து பார்க்க ஓர் ஆசிரியனுக்கு வாழ்க்கையில் எத்தனை தரம் வாய்க்கும்? அந்தத் தொழிலில் எனக்கு உங்களுக்கு இருந்ததைவிடப் பெரிய ஆசை இருந்தது. இதை நீங்கள் அப்போதே கண்டிருப்பீர்கள்.

வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஒரு பலகைக் கொட்டிலை வாடகைக்கு எடுத்தீர்கள். களனிப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களக் குயவர் வந்தார். கைத்தொழில்காரரைச் சிங்களத்தில் கூப்பிடுவது போல எல்லோரும் அவரைப் பாஸ் என்றோம். அவர் வெளியே தாழ்வாரத்தில் சக்கரத்தைப் போட்டுக்கொண்டார். பின்னால் சூளை. உருண்டு திரண்ட நல்ல கோப்பைகள், முதல் சூட்டில் வெந்து பிஸ்கட் போல வந்தன. பூச்சில்தான் சிக்கல்.

பூச்சுக்கு நான் கண்ட வழி சிவப்பு ஈயப் பொடி. அது இருந்தால் சூளைக்குக் கடும் சூடு வேண்டாம். குறைந்த நெருப்பிலேயே பூச்சு உருகிக் கண்ணாடியாகும். கப்பலின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் பூசுவதற்கு அதே பொடியைத்தான் எண்ணெயில் குழைப்பார்கள். துறைமுகத்துக் கப்பல் சாமான் கடைகளில் எனக்கு அறிமுகம் இருந்தது. கித்தான் பையில் போட்டுக் கோட்டையில் ரயிலேறி நானே கொண்டு வந்து தருவேன். அந்த நாட்களில் என் காற்சட்டை மடிப்பில்கூடச் சிவப்பு இருந்ததாக என் மனைவி சொல்வாள்.

அந்தப் பொடியை வெள்ளைக் களியோடும் மணலோடும், பச்சை நிறத்துக்குத் துளி செம்புத் துருவோடும் அரைத்து, தண்ணீரில் கரைத்து, கோப்பைகளை அமிழ்த்தி எடுத்தோம். பாண் துண்டைத் தேநீரில் நனைத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சுட்ட மண் கண்டபடி உறிஞ்சும். ஈயம் பாரம், தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் கோப்பை மெல்லிசு, கடைசிக் கோப்பை தடிப்பு. பிடித்த இடத்தில் விரல் அடையாளம். அமிழ்த்த ஒரு தொட்டி நிறையக் கரைசல் வேண்டும், பொடியோ கைப்பிடி கைப்பிடியாகத்தான் கிடைத்தது. கொஞ்சக் கரைசலை ஒரே சீராகப் பூச என்ன வழி என்று யோசித்தபோது, மோட்டார் காருக்குச் சாயம் அடிக்கிற மாதிரி அடித்தால் என்ன என்று கேட்டது நான்.

ஸ்ப்ரே கன் தேடிப் போன நாள் நினைவிருக்கிறதா? யூனியன் பிளேஸ் பக்கத்தில் பழைய மோட்டார் சாமான் விற்கிற ஒருவர். நீங்கள் கடைக்குள் நுழைந்ததும், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "மாஸ்டருக்கு ஒரு துவக்கு வேணுமாம்" என்றீர்கள். யுத்த காலம். அந்த மனிதர் கதவைப் பார்த்தார், என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், மெதுவாக எழுந்து நின்றார். நீங்கள் சிரிக்காமல், "மனிசரச் சுட இல்ல, கோப்பையச் சுட" என்றீர்கள்.

அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது. கீழே பெரிய டப்பா, அகலமான வாய். மற்றது, காருக்குச் சாயம் அடிப்பது. மேலே சின்னக் கிண்ணம், ஊசி முனை போல வாய். இரண்டையும் ஒரு கிழமைக்கு இரவலாக வாங்கி, காற்று அடைக்கும் பழைய கம்ப்ரெஸரையும் வண்டியில் ஏற்றி, ஒரு சனிக்கிழமை என் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனோம். சோக்கை அரைத்துத் தண்ணீரில் கரைத்து, கரும்பலகையில் அடித்துப் பார்ப்பது என் யோசனை. எந்தத் தேர்வையும் கரும்பலகையில் வைத்தால்தான் எனக்கு நம்பிக்கை.

பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் அகல வாய். பொட்டுப் பொட்டாக விழுந்து, பெரிய பொட்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கீழே வழிந்தன. வலப்பக்கம் ஊசி வாய். பலகை மெல்ல மெல்ல வெளுத்தது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாத வெள்ளை. நுவரெலியாவில் காலையில் யன்னல் கண்ணாடி இப்படித்தான் இருக்கும் என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே இப்போதும் கேட்கிறது.

நீங்கள் பலகையைப் பார்க்கவில்லை. யன்னல் வழியாக விழுந்த வெயில் கற்றையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குள் சோக் தூள் மிதந்துகொண்டிருந்தது. நாம் அடிப்பதை நிறுத்தி எவ்வளவோ நேரமாகியும் மிதந்தது.

"இது மழை மாஸ்டர், அது பனி" என்றீர்கள், இரண்டையும் காட்டி. "மழை கீழ விழும். பனி எங்க விழும்?"

நல்ல கேள்வி ஒன்று வகுப்பில் எழுந்தால் நின்று யோசிக்க வேண்டும் என்று பயிற்சிக் கலாசாலையில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் யோசிக்கவில்லை. "நாங்க கோப்பையப் பிடிக்கிற இடத்தில விழும் நானா" என்று சொல்லிச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அகல வாயே போதும், கரைசலில் மணல் இருப்பதால் ஊசி வாய் அடைக்கும் என்று இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தீர்கள். இன்னும் மெல்லிசாக அரைப்போம், துணியில் வடிப்போம் என்றேன். படித்தவன் சொல்கிறான் என்று விட்டுக்கொடுத்தீர்கள். அகல வாய் கடைக்குத் திரும்பிப் போனது.

சொன்னபடியே வாய் அடைத்தது. நான் அரைப்பதை இரட்டிப்பாக்கச் சொன்னேன். பொடி முகப் பவுடர் போல வந்தது. அடைப்பு நின்றது. அடுத்ததாகக் கடல் காற்று. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கொட்டிலின் மேற்கு யன்னலால் காற்று நேராக உள்ளே வந்து, நீங்கள் அடிக்கிற பனியை அள்ளிக்கொண்டு கிழக்குக் கதவால் காலி வீதிப் பக்கம் போய்விடும். பாதிப் பூச்சு கோப்பைக்கு, பாதி காற்றுக்கு. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த பொடி வீணாகிறது என்று நீங்கள் தலையில் கை வைத்தீர்கள். நான் கொட்டிலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கடல் பக்கத்து யன்னலைச் சாத்தி, சந்துகளில் சாக்கு அடைக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாக வந்தது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு தரமும் நான் சொன்னது சரியாக வந்தது. தேங்காய்ப் பாலில் ஒரு சொட்டுச் சாயம் விட்டது போல இளம் பச்சைக் கோப்பைகள், விரல் அடையாளம் இல்லாமல், வழியாமல், சூளையிலிருந்து வெளியே வந்தன. ஒன்றை எடுத்துத் தட்டி, காதருகே வைத்து, என் காதருகிலும் வைத்தீர்கள். ஊமை இல்லை.

துவக்கை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டீர்கள். அந்த அறைக்குள் நீங்கள் மட்டும். இடக்கையால் சிறு தட்டைச் சுற்றுவீர்கள், அதன்மேல் கோப்பை சுழலும், வலக்கையில் விசை. கதவைத் திறந்து வெளியே வரும்போது புருவத்திலும் தாடியிலும் இளஞ்சிவப்புப் படிந்திருக்கும். பாஸ் உங்களைக் கண்டு, மாப்பிள்ளை வருகிறார் என்று சிங்களத்தில் கேலி செய்வார். அவர் ஒருநாளும் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. உள்ளே மூச்சு முட்டுகிறது, சக்கரத்துக்குக் காற்று வேண்டும் என்பார். சோம்பல் என்று நான் நினைத்தேன்.

ஒரு பின்னேரம், தாழ்வாரத்தில் தேநீர் குடிக்கும்போது, நீங்கள் சீனியைத் தொடாமல் குடித்தீர்கள். சீனி கூப்பனுக்கு மட்டும் அளந்து கிடைத்த காலம். ஏன் என்று கேட்டேன். "வாய் சும்மாவே இனிக்குது மாஸ்டர், ரெண்டு கிழமையா. எங்கட வீட்டுக் கூப்பன ஒங்களுக்குத் தாறேன்" என்றீர்கள்.

நானா, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஈயத்தின் உப்பு ஒன்றுக்கு ஈயச் சர்க்கரை என்று பெயர். இனிப்பாக இருக்கும், விஷம். ஒவ்வொரு வருடமும் அந்த வகுப்பில் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்காகவே கொஞ்சம் நாடகமாகச் சொல்வேன். அந்த மாதமும் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் சொன்னதை, அதே கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் உங்கள் வாயால் கேட்டேன். கேட்டுச் சிரித்தேன். எனக்குள் இரண்டு அறைகள் இருந்திருக்க வேண்டும். நடுவில் கதவு இருக்கவில்லை.

இதை நான் அறியாமை என்று எழுதி முடித்துவிடலாம். அறியாமைக்கு மன்னிப்பு உண்டு என்று நீங்களும் சொல்வீர்கள், எங்கள் சுவாமியாரும் சொல்வார். ஆனால் அடுத்தது அறியாமை இல்லை.

நோன்புப் பெருநாளுக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். வழக்கம் போலப் பிரியாணிக்குப் பிறகு வட்டிலாப்பம். வயிற்று நோவு என்று நீங்கள் தொடவே இல்லை. மெலிந்திருந்தீர்கள். நோன்பு பிடித்ததால் என்று வீட்டில் சொன்னார்கள். உங்கள் மகள், அப்போது சின்னப் பிள்ளை, என் தட்டில் மூன்றாவது துண்டை வைத்துவிட்டு ஓடினாள். நீங்கள் வாய் விட்டுச் சிரித்தீர்கள். அப்போது கண்டேன். கீழ்ப்பற்களின் ஈறு ஓரமாக, பென்சிலால் கீறியது போல ஒரு கருநீலக் கோடு.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். ஈய விஷம் உடம்பில் ஏறியதன் அடையாளம் என்று புத்தகத்தில் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. கையில் வட்டிலாப்பத்தோடு இருந்த எனக்கு, இனிப்பு, வயிற்று நோவு, சாக்கு அடைத்த யன்னல் எல்லாம் ஒரே நொடியில் ஒன்றோடொன்று வந்து பொருந்தின. நடுவில் இல்லாத கதவு அன்று திறந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பெருநாள் சாப்பாட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். வீட்டுக்கு நடக்கும்போது வேறு காரணங்களும் கிடைத்தன. ஒருவேளை வேறு வருத்தமாக இருக்கலாம். நான் டாக்குத்தர் இல்லை. சொன்னால் தொழில் நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த காரணம் ஒன்றுதான். சொல்வதென்றால், துவக்கைத் தேர்ந்தெடுத்தவன் நான், பொடியைச் சுமந்து வந்தவன் நான், யன்னலைச் சாத்தியவன் நான் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் கழித்து வெள்ளவத்தைக்கு வந்தேன். நீங்கள் அறைக்குள் இருந்தீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் சாக்குகளைப் பிடுங்கி, கடல் பக்கத்து யன்னலைத் திறந்தேன். காற்று அடித்துக்கொண்டு வந்தது. தட்டில் இருந்த கோப்பை ஒரு பக்கம் பூச்சில்லாமல் போனது. நீங்கள் விசையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"நீங்கதானே சாத்தச் செல்லினீங்க மாஸ்டர்" என்றீர்கள். குற்றமாக இல்லை, ஆச்சரியமாக.

"புழுக்கமா இருக்கு நானா" என்றேன்.

"எனக்கிப் பழகிட்டுது" என்று சொல்லி, எட்டி யன்னலை நீங்களே சாத்தினீர்கள்.

நான் அதோடு விட்டுவிட்டேன். போகும்போது, வயிற்று நோவுக்கு ஒரு நல்ல டாக்குத்தரைப் பாருங்கோ என்று மட்டும் சொன்னேன். எந்த ஆசிரியரும் இதைவிட மோசமாக ஒரு பாடத்தை நடத்தியிருக்க முடியாது. விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, எங்கேயாவது போய்க் கண்டுபிடி என்று அனுப்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் அந்தப் பக்கம் வரவில்லை. சோதனைத் தாள்கள் திருத்த இருந்தன. உண்மையில் இருந்தன, ஆனால் வேறெந்த வருடமும் தாள்கள் என்னைத் தடுத்ததில்லை. பாஸ்தான் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். முதலாளியின் கை விழுந்துவிட்டது என்று தன் கையைத் தூக்கி, மணிக்கட்டில் மடித்துக் காட்டினார். தேநீர்க் கோப்பையைத் தூக்கப் போனீர்களாம். விரல்கள் பிடித்தனவாம், மணிக்கட்டு எழும்பவில்லையாம். நம்முடைய கோப்பை, இளம் பச்சை, விழுந்து உடைந்ததாம்.

ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். கட்டிலருகே வந்து இருந்ததும் நீங்கள் விடவே இல்லை. கட்டில் விரிப்பு, அடுத்த கட்டில் மனிதரின் குறட்டை, தாதிகள் கொண்டு வரும் தேநீரின் நிறம் என்று மூச்சு விடாமல் கதைத்தீர்கள். நான் வாயெடுத்தபோதெல்லாம் ஒரு பகிடி வந்து விழுந்தது. உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். கொட்டிலைப் பூட்டச் சொல்லிவிட்டேன், கை சுகமாகட்டும் என்றீர்கள். துவக்கை என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, "அது வீட்டுல ஈக்கட்டும்" என்றீர்கள்.

நான் சொல்லிவிடாதபடிதான் அவ்வளவும் கதைத்தீர்கள் என்பது இப்போது விளங்குகிறது.

கை கொஞ்சம் திரும்பியது. சிறுநீரகம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டாவது நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் இருக்கவில்லை. வெள்ளைக்காரனின் கொடி இறங்குவதற்கு முந்திய காலம் அது. உங்களை அடக்கிய மையவாடி வரை நடந்து வந்தேன். எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். என் கைக்கும் மண் வந்தது. களி மண், நானா. கைக்குள் அதை உருட்டிப் பார்த்துவிட்டேன், பழக்கத்தில்.

பாஸுக்கு ஒன்றும் நேரவில்லை. தாழ்வாரத்துக் காற்று அவரைக் காப்பாற்றியது. அந்தக் கோப்பைகளில் தேநீர் குடித்தவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னிடம் ஒன்று இருக்கிறது. அதில் யாரையும் குடிக்க விட்டதில்லை. உங்கள் மகளுக்குக் கூட அலுமினியப் பேணியில்தான் தேநீர் கொடுத்தோம்.

ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருடமும் ஈயப் பாடம் வந்தது. ஈயச் சர்க்கரையை நாடகமாகச் சொல்வதை விட்டுவிட்டேன். பதிலாக யன்னல் வெயிலில் டஸ்டரைத் தட்டிக் காட்டிவிட்டுக் கேட்பேன்: மழை கீழே விழும், பனி எங்கே விழும்? தரையில் என்பார்கள், மேசையில் என்பார்கள். யாராவது ஒருவர் இருமும் வரை காத்திருப்பேன். எங்கள் மாஸ்டரின் கேள்வி என்று பழைய மாணவர்கள் இன்றும் வீதியில் கண்டால் சொல்கிறார்கள். அது என் கேள்வி இல்லை என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இதுவரை எழுதி வைத்து நாலைந்து நாள் ஆகிறது. இன்று ஞாயிறு. உங்கள் மகள் வந்து போய்விட்டாள்.

இந்தத் தாள்களை அவளிடம் கொடுக்க நினைத்திருந்தேன். அது கோழைத்தனம் என்று பட்டது. வாயால் சொன்னேன், கரும்பலகையிலிருந்து நீலக் கோடு வரைக்கும், எதையும் விடாமல். கேள்வி யாருடையது என்பதையும் சொன்னேன். அவள் சாரியின் ஓரத்தை விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் சுற்றிய ஓரத்தை அவிழ்த்து விட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்டைக்கே செல்லியிருந்தா, பெருநாள் அண்டைக்கே, வாப்பா தப்பியிருப்பாரா?"

"தப்பியிருக்கலாம் மகள்" என்றேன். "எனக்குத் தெரியாது. ஆனா, தப்பியிருக்கலாம்."

அவள் எழுந்து யன்னல் கட்டைக்குப் போனாள். துவக்கை எடுத்துப் போகத்தான் என்று நினைத்தேன். சாரத் துண்டை அதன்மேல் சரியாக இழுத்து மூடினாள். உங்கள் ஜாடை அந்த முகத்தில் அப்போதுதான் சரியாகத் தெரிந்தது.

"இது இங்கயே ஈக்கட்டும் மாமா. எங்கட புது வீட்டுல யன்னல் கொறவு" என்றாள்.

மாமா என்றுதான் சொன்னாள். படியிறங்கும்போது, பெருநாளைக்கு வாங்க என்று எப்போதும் சொல்வாள், இன்று சொல்லவில்லை. மறந்தாளோ தெரியாது. நீங்கள் உங்கள் நோயோடு சேர்த்து எனக்காகச் சுமந்ததை, நான் ஒரு பின்னேரத்தில் அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். செய்தது சரியா என்று கேட்க உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். உங்களை நினைக்கிற போதெல்லாம் நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் நானா. நான் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஈறைத்தான் பார்க்கிறேன்.